கழுவாமல் எடுத்துப்போன நாசில்

இப்போது வண்டியில் ஒரு ஒயரைச் செருகினால் எந்த இன்ஜெக்டர் கெட்டிருக்கிறது என்று திரையே சொல்லிவிடுகிறது. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் சமீபத்தில் ஒரு பட்டறையில் பார்த்தேன். திரையில் வந்த குறையை, வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு தம்பி அழித்துவிட்டான். "சரி பண்ணிட்டோம்ங்க, எடுத்துட்டுப் போங்க" என்றான். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு உடனே ஒரு சிவப்புக் காரும், அதில் இருந்த ஒரு நாசிலும், அதைக் கழுவக் கூடாது என்று அடம்பிடித்த ஒரு மனிதரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் வேலை பார்த்தது நாமக்கல்லில், சேலம் ரோட்டோரம் இருந்த ஒரு டீசல் பம்ப் கடையில். எண்பதுகளின் தொடக்கம். லாரிகளின் பம்ப்பும் நாசிலும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. நாசில் என்பது உங்கள் இன்ஜெக்டரின் மூக்கு. உள்ளே ஓர் ஊசி, அந்த ஊசிக்கென்றே கடைந்த ஒரு கூடு. அழுத்தம் வந்ததும் ஊசி எழும்பி எரிபொருளைப் பனிமூட்டமாகச் சிதறடித்துவிட்டு, சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் சொட்டினால் வண்டி நோயாளி. இதற்கு மேல் விளக்கி உங்களைப் படுத்த மாட்டேன்.

கடையை நடத்தியவரை ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிடும். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயும் அண்ணன்தான். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். மகா கோபக்காரர். லாரி முதலாளியாக இருந்தாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார். ஆனால் கையில் ஒரு நாசிலை எடுத்துவிட்டால், மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தக் கொடுக்கிற தாய்மாமன் மாதிரி ஆகிவிடுவார். அப்போது அவர் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. அந்தக் கோபத்தையும் இந்தக் கையையும் ஒரே ஆளுக்குள் வைத்த கடவுளுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு புரட்டாசி மாதக் காலையில், கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, நாலடிக்கு ஒரு தரம் இழுத்து இழுத்து, ஒரு சிவப்புக் கார் எங்கள் கடை முன்னால் வந்து நின்றது. இரண்டே பேர் உட்காரும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். மேலே துணிக் கூரை, வேண்டுமானால் மடக்கிவிடலாம். நீண்ட முகம், உருண்ட முதுகு. ஐம்பதுகளில் செய்தது. சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தாலும் உடம்பில் ஒரு நெளிவு கிடையாது. லாரியையே பார்த்துப் பார்த்துச் சலித்த தெரு அது. பக்கத்து டிங்கர் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது. வேலை செய்தவர்கள் எல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுற்றி நின்றுவிட்டார்கள்.

ஓட்டி வந்தவர் மாணிக்கம். ஐம்பதைத் தாண்டியவர், சேலம் சூரமங்கலத்துக்காரர். துவைத்து மடித்த காக்கி உடுப்பு. பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது. "வண்டியில இருக்கற செவப்பே போதுமுங்க, வாயில எதுக்கு" என்பார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரையிடம் டிரைவராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அது கல்யாண வண்டி. கூரையை மடக்கி, சீட்டுக்குப் பின்னால் வண்டியின் முதுகு மேல் மாப்பிள்ளையை உயர உட்கார வைத்து, ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் என்று மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் போகிற வண்டி. அதில் வந்தால்தான் மாப்பிள்ளை என்று நினைத்த வீடுகள் இருந்தன.

"கார்புரேட்டர் இல்லீங்க இதுல. உங்க லாரியாட்டவே நாசில் இருக்குதுங்க. சேலத்துல யாரும் கை வெக்க மாட்டேங்கறாங்க. இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு டீசல் இன்ஜின் ஏத்திக்கங்கறாங்க" என்றார் மாணிக்கம்.

அந்தக் காலத்தில் அது ஒரு வழக்கம். கெட்டுப்போன எந்த பெட்ரோல் காரிலும் ஒரு டீசல் இன்ஜினை உட்கார வைத்துவிடுவார்கள். அண்ணன் பானெட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒருக்களித்துப் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு பம்ப், அதிலிருந்து ஆறு குழாய்கள், ஆறு நாசில்கள். எல்லாம் எங்கள் லாரியில் இருக்கிற மாதிரியே, ஆனால் அழகாக.

"அட, நம்ம சொந்தக்காரனாட்ட இருக்குதேடா! இதைத் தூக்கிப் போடச் சொன்னவன் கையில தங்கத்தைக் குடுத்தா ஆணி அடிப்பான்" என்றார் அண்ணன். பிறகு மாணிக்கத்திடம், "ஓட வெச்சுக் குடுத்தறலாமுங்க" என்றார்.

மாணிக்கம் தலையை ஆட்டவில்லை. "ஓடறது பொறவு இருக்கட்டுங்க. ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியோணும்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீடு காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற வீடு. மாப்பிள்ளை அழைப்பு, நாதஸ்வரம், நடக்கிற வேகத்தில் ஊர்வலம். கோயில் முன்னால் வந்ததும் கார் நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கு எத்தனை முயன்றும் மறுபடி பிடிக்கவில்லை. மாப்பிள்ளையோடு சேர்த்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே மாமியார் முகம் சுருங்கிவிட்டது. சகுனம் சரியில்லை, வருகிறவள் சரியில்லை என்று பேச்சு. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் கொடிக்காலில் ஒரு பக்கம் கொடிகள் வாடத் தொடங்கின. அவ்வளவுதான், மருமகள் சரசு கொடிக்காலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கொடிக்கால் என்றால் உங்களில் பலருக்கு வெறும் வெற்றிலைத் தோட்டம். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு அது கோயில் மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள், தீட்டுப் பார்ப்பார்கள். சரசு பிறந்ததும் ஒரு கொடிக்கால் வீட்டில்தான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வெற்றிலை கிள்ளிய பெண். அவளைப் போய் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

"மன்னாப்புக் கேட்டுட்டு வரலாம்னு போனேனுங்க" என்றார் மாணிக்கம். "வெத்தலை வெளையற ஊட்டுல எனக்கு ஒரு வெத்தலை குடுக்கலீங்க. அது போகுது. அந்தப் புள்ளை வரப்பு மேல நின்னு உள்ள பாத்துக்கிட்டே இருந்துச்சு. என் வண்டி நின்னதுக்கு அது ஏனுங்க வெளிய நிக்கோணும்? நெம்ப வெசனமா இருக்குதுங்க."

அண்ணன் ஸ்பேனர் பெட்டியை எடுத்தார்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது. ஓடுகிற லாரி இன்ஜினில் எந்த நாசில் செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு குழாயின் நட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பார்ப்போம். எதைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுதான் கெட்டது. டீசல் கொஞ்சம் வழியும், துடைத்துவிட்டால் போச்சு. நாமக்கல்லில் மெக்கானிக் என்று பெயர் வைத்துக்கொண்ட எல்லோருக்கும் அது கைப்பழக்கம். மாணிக்கம் சீட்டில் உட்கார்ந்து இன்ஜினை ஓட விட்டிருந்தார். அண்ணன் குனிந்து முதல் நட்டில் ஸ்பேனரை வைத்து ஒரு திருகு திருகினார்.

வண்டி ஒரு குலுக்கலோடு செத்து நின்றது.

"யோவ் டிரைவரே! செத்த நேரம் வண்டியை அணையாம வெக்கத் தெரியாதா?" என்று அண்ணன் கத்தினார்.

மாணிக்கம் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் உயரவில்லை. "பெட்ரோலுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். நட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதற்குச் சற்றுத் தள்ளி, சேலத்திலிருந்து ஓடி வந்த சூட்டோடு புகைக்குழாய்கள். இன்னும் ஒரு திருகு திருகியிருந்தால் அந்தக் குழாய்களின் மேல் பெட்ரோல் பீய்ச்சியிருக்கும், அதற்கு நேர் மேலே அண்ணனின் முகம்.

அண்ணன் நிமிர்ந்து கேட்டார். "சாவியைத் திருப்பி அணைச்சிருக்கலாமே. ஏனுங்க அப்படி நிறுத்துனீங்க?"

"சாவியை அணைச்சா இன்ஜின் நாலு சுத்து சுத்தித்தானுங்க நிக்கும். அந்த நாலு சுத்துக்கும் பம்ப் துப்பும். அதான் மேல் கியரைப் போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, கிளட்ச்சை உட்டுட்டேனுங்க. சத்தம் போட்டா நீங்க திரும்புவீங்க, கையி இன்னொரு திருகு திருகிருமே."

தம்பிகளே, இதை நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கத்தலாம், சாவியைத் திருப்பலாம், கதவைத் திறந்து ஓடலாம். மூன்றும் எல்லோருக்கும் தோன்றும். கண் இமைக்கிற நேரத்தில் மூன்றையும் தள்ளிவிட்டு நான்காவதைச் செய்த அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. வண்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று காலின் வழியே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அண்ணனையும் சொல்ல வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் கத்தியவர், அவ்வளவு பேர் முன்னாலேயே ஸ்பேனரைக் கீழே வைத்தார். "என் கையி லாரிக்குப் பழகுன கையி. இனிமே நீங்க சரின்னு சொல்லாம இந்த வண்டியில ஸ்பேனர் வெக்க மாட்டேனுங்க" என்றார். ஊரில் அவருக்கு இருந்த பெயருக்கு அப்படிச் சொல்லவே தேவையில்லை, ஒரு சிரிப்பில் மழுப்பியிருக்கலாம். அந்தக் கோபக்காரரை நான் வாழ்நாள் முழுக்க மதித்ததற்கு இது ஒரு காரணம். கைப்பழக்கம் நல்லதுதான், ஆனால் வேறு வண்டிக்கு வந்தால் அது உங்களைக் கேட்காமலே வேலை செய்துவிடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நட்டை இறுக்கி, ஈரத்தைத் துடைத்து, காற்றாட விட்டு, இன்ஜின் நன்றாக ஆறுகிற வரைக்கும் காத்திருந்தோம். நட்டைத் தளர்த்தாமல் கெட்ட நாசிலை எப்படிக் கண்டுபிடிப்பது? அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தார். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் கேட்டார்.

"தோசைக்கல்லு காஞ்சிருச்சான்னு ஊட்ல எப்படிப் பாக்கறாங்க?" என்று சிரித்தார்.

ஆறிய இன்ஜினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட விட்டார்கள். அண்ணன் விரலால் தண்ணீரைத் தொட்டு, வெளியே போகும் ஆறு புகைக்குழாய்களிலும் ஒவ்வொன்றாகத் தெளித்தார். நான்கு பட்டென்று பொரிந்தன, அதிலும் ஒன்று கொஞ்சம் சோம்பலாக. இன்னொன்று லேசாக முனகியது. ஐந்தாவது குழாயில் தெளித்த தண்ணீர் அப்படியே வழிந்து கீழே இறங்கியது. அந்தச் சிலிண்டரில் தீயே பிடிக்கவில்லை.

ஆறு நாசிலையும் மாணிக்கத்தின் சம்மதத்தோடு கழற்றி, நாசிலைச் சோதிக்கிற கைப் பம்ப்பில் வைத்து அடித்துப் பார்த்தோம். அடுத்த சிக்கல் அங்கே காத்திருந்தது. லாரி நாசில் திறக்கிற அழுத்தம் எங்களுக்கு மனப்பாடம். இது எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும்? புத்தகம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. லாரிக் கணக்கில் முறுக்கி வைத்திருந்தால் ஒன்றுகூடத் திறந்திருக்காது. அண்ணன் நன்றாகச் சிதறடித்த மூன்று நாசில்களையும் திரும்பத் திரும்ப அடித்தார். மூன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில் திறந்தன, லாரி நாசிலைவிட எவ்வளவோ கீழே. அழுத்தம் காட்டும் கேஜ் கண்ணாடியில் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "செஞ்சவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு நல்லா இருக்கறதுகிட்ட கேட்டுக்கிட்டா போச்சு" என்றார்.

சோம்பலாக இருந்த இரண்டையும் பிரித்தோம். ஊசியில் பழுப்பாகப் பிசின். மாணிக்கம் அதைப் பார்த்ததும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மாதம் முழுக்கக் கார் கொட்டகையில் நின்றது. நாசிலுக்குள் தங்கிய பெட்ரோல் வெயிலில் சுண்டிச் சுண்டிப் பிசினாக ஒட்டிக்கொண்டது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வண்டியை எடுத்தார், நடக்கிற வேகத்தில் ஓட்டினார், அது மூச்சு முட்டி நின்றுவிட்டது. தின்னரில் ஊற வைத்து, மூங்கில் சிம்பால் சுரண்டி, ஊசிக்குத் துளி நெய் தடவிக் கூட்டுக்குள் உருட்டி உருட்டி எடுத்தோம். மற்ற கடைகளில் இதற்கு ஆட்டுக் கொழுப்பு வைத்திருப்பார்கள். அண்ணன் அதைத் தொட மாட்டார், ராசிபுரத்து நெய்தான். இரண்டும் சாக்பீஸ் கோட்டில் அழகாகத் திறந்தன.

ஐந்தாவதை எடுக்க நான் கையை நீட்டினேன்.

"அதைத் தொடாத" என்றார் அண்ணன்.

"ஏனுங்கண்ணா?"

"இதைக் கழுவிப்புட்டா, வண்டி ஏன் நின்னுச்சுன்னு யாருகிட்ட என்னத்தைக் காட்டுவே? அந்தப் புள்ளைக்கு இருக்கற ஒரே சாட்சி இதுதான். இதை பரமத்தி வேலூர்ல, அந்த ஊட்டு வாசல்லதான் பிரிக்கோணும்."

மாணிக்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான். பிரித்துப் பார்க்காத நாசில் அது. உள்ளே வெறும் பிசினாக இருந்தால் சரி. ஊசி கீறிப்போயிருந்தால் கழுவியும் பயனில்லை, வாங்கலாம் என்றால் நம் நாட்டில் எங்கேயும் கிடைக்காது. அத்தனை பேர் முன்னால் பிரித்து, அது வேலை செய்யாமல் போனால்? சகுனம் சரியில்லை என்பதற்கு நாங்களே போய்ச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"இங்கயே ஒருக்கா பிரிச்சுப் பாத்துட்டு, வேற ஏதாவது கெட்ட நாசிலைக் கொண்டுபோயிக் காட்டலாமேங்க" என்றார் மாணிக்கம், தயங்கித் தயங்கி.

"பொய்ச் சாட்சிக்கு நான் வரமாட்டேனுங்க."

"ஊசி கெட்டிருந்தா என்னுங்க பண்றது?"

அண்ணன் அந்த நாசிலை அழுக்கோடு கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "ஊசி கெட்டிருந்தாலும் கெட்டது ஊசிதானுங்களே. அந்தப் புள்ளை இல்லீல்ல?"

"சரீங்க, மாட்டுங்க" என்றார் மாணிக்கம். கெட்ட நாசில் அது இருந்த இடத்துக்கே கழுவாமல் திரும்பப் போனது.

மறுநாள் காலை அவர்கள் இருவரும் காரில் கிளம்பினார்கள். இரண்டே சீட், அதனால் நான் கைப் பம்ப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கரூர் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் போடுவேன் என்று சண்டைக்கு வந்தது வேறு கதை. வேலூரில் இறங்கி, வாய்க்கால் ஓரமாக நடந்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கார் வாசலில் ஆறிக்கொண்டிருந்தது. தெருவே கூடியிருந்தது. பெட்ரோல் வேலை என்பதால் மாணிக்கம் ஒவ்வொருவராகப் போய்க் கைகூப்பி பீடியை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டம்மா, சரசுவின் மாமியார், கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு. "வாங்க" என்றதோடு சரி. மகன் மாட்டுவண்டியின் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சரசு கதவு நிலைக்கு உள்ளேயே நின்றாள். மாமியார் அவளைப் பற்றிப் பேசும்போது பெயரைச் சொல்லவில்லை. "வந்தவ" என்றே சொன்னார்.

அண்ணன் மாட்டுவண்டியின் பின்பலகையில் கைப் பம்ப்பை இறுக்கினார். முதலில் ஒரு நல்ல நாசிலை மாட்டி அடித்தார். சாம்பிராணிப் புகை மாதிரி மெல்லிய மூட்டம் எழும்பிக் கலைந்தது. குழந்தைகள் கைதட்டின. கிட்டே வரக் கூடாது, அது தோலைத் துளைத்துவிடும் என்று அதட்டி விரட்டினார். பிறகு ஐந்தாவதைக் காரிலிருந்து எல்லோர் கண் முன்னாலும் கழற்றினார். பம்ப்பில் மாட்டினார். அடிக்காமல் நகர்ந்து நின்றார்.

"அம்மா, நான் அடிச்சா ஏதோ வித்தை காட்டறேன்னு சொல்லுவாங்க. நீங்களே வந்து அடிங்க."

வீட்டம்மா எழுந்து வந்து கைப்பிடியைப் பிடித்து அழுத்தினார். மூட்டம் வரவில்லை. மூக்கின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி ஒரு சொட்டு.

"இதனாலதானுங்கம்மா வண்டி நின்னுச்சு" என்றார் அண்ணன். "ஆடி முச்சூடும் நின்ன வண்டி. கரும்புப் பால் கொப்பரையில தங்குனா சுண்டிப் பாகா ஒட்டிக்குமில்லீங்களா, அந்த மாதிரி பெட்ரோல் உள்ள ஒட்டிக்கிச்சு. இதுல எங்கீங்க உங்க மருமக இருக்கறா?"

அண்ணன் நாசிலைப் பிரித்தார். ஊசி வரவில்லை. தின்னரில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது. மெல்ல ஆட்டி ஆட்டி ஊசியை உருவினார். கன்னங்கரேல் என்று பிசின். மூங்கில் சிம்பால் தேய்த்து, துணியில் துடைத்து, வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"துளி நெய் வேணுமுங்க" என்றார்.

வீட்டம்மா திரும்புவதற்குள் சரசு நெய்க் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். ஊர் முன்னால் அவள் வாசலைத் தாண்டி வந்தது அன்றைக்குத்தான் போலிருக்கிறது, சுற்றி நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அண்ணன் விரல் நுனியில் நெய்யைத் தொட்டு ஊசியில் தடவினார். உருட்டினார், துடைத்தார், திரும்ப உருட்டினார்.

நல்ல ஊசிக்கு ஒரு சோதனை உண்டு. கூட்டை நிமிர்த்திப் பிடித்து ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுத்து விட்டால், தன் எடையிலேயே மெல்ல வழுக்கிக் கீழே இறங்க வேண்டும். அண்ணன் விட்டார். ஊசி பாதி வழியில் நின்றுவிட்டது. மாணிக்கம் காரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் அவசரப்படவில்லை. எடுத்தார், துடைத்தார், துளி நெய் தடவினார், ஊசியை ஒரு கால் சுற்று திருப்பி மறுபடி விட்டார். அது ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக, தடையே இல்லாமல், அடி வரைக்கும் இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை.

வீட்டம்மாதான் மறுபடியும் கைப்பிடியை அழுத்தினார். சாம்பிராணிப் புகை.

கூட்டம் ஆரவாரம் செய்தது. வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வண்டி சரீங்க. கொடி வாடுனதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

நானாக இருந்தால் அந்த வேகத்தில் வாய்க்கு வந்த காரணம் ஒன்றைச் சொல்லியிருப்பேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். "அது எனக்குத் தெரியாதுங்கம்மா. நான் நாசில் பாக்கறவன். வண்டி நின்னதுக்கு வண்டியைத்தான் பிரிச்சுப் பாத்தோம். கொடி வாடுனா கொடியைப் போயிப் பாருங்க. புள்ளை மூஞ்சியில என்ன இருக்குது?"

அப்போது கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற சரசுதான் மெல்லச் சொன்னாள். "கெழக்கு மூலையில தண்ணி வடியறதில்லீங்கத்தே. அந்தப் பக்கம் வாய்க்கா தூந்து கெடக்குது. வேர் அழுகுதுங்க. வரப்புல நின்னா நல்லாத் தெரியுது."

உள்ளே போகக் கூடாது என்று நிறுத்தி வைத்த இடத்திலிருந்தே அவள் குறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கேட்கத்தான் ஆள் இல்லை. மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெரிய மனுஷியையும் நான் மெச்சித்தான் சொல்வேன். தான் சொன்ன சொல்லை, ஊர் கூடி நிற்கும்போது, தானே திரும்ப எடுத்துக்கொள்வது எத்தனை பேரால் முடியும்?

"வா சாமி" என்றார். "எந்த மூலைன்னு காட்டு."

இருவரும் வீட்டுக்குப் பின்னால் போனார்கள். நாங்கள் நாசிலைப் பொருத்தினோம். மாணிக்கம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். புகை இல்லை, இழுப்பு இல்லை. ஊர்வலத்தில் ஓடுகிற மெல்லிய ஓட்டத்திலேயே இன்ஜினை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அது நிற்கவேயில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சரசு திரும்பி வந்தாள். வெறுங்கால், பாதமெல்லாம் கொடிக்கால் சேறு. முந்தானையில் அப்போதுதான் கிள்ளிய வெற்றிலை. "அத்தை குடுக்கச் சொன்னாங்க" என்று முதலில் மாணிக்கத்திடம் நீட்டினாள்.

மாணிக்கம் வெற்றிலை போடுகிறவர் இல்லை. அன்றைக்குப் போட்டார்.